இருதயத்தை அளக்கும் எண்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்குந் தொழிலுடைய எம்மை, இருதயத்தைப் படமெடுத்து அளக்கும் யந்திரங்களைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தபோது, இப்பொருளை வைத்தியர் ஒருவரிடம் ஒப்புவித்தலே தக்கது என்றோம். அவர் விட்டாரில்லை. அதற்குக் காரணமும் உண்டு. நம்மவர் இல்லங்களில் இருதய நோயுற்றார்க்கு ஸ்கேன் எடுத்து, அவ்வறிக்கையைக் கையிலேந்தி வருவோர் இந்நாளிற் பலர். அறிக்கை நான்கு பக்கம் நீண்டிருப்பினும் அவர்தங் கண் சென்று தங்குமிடம் ஒன்றே. அஃது ஓர் எண். "ஐம்பத்தைந்துதானாம்" என்று ஒரு வீட்டிற் கண்ணீர்; "எழுபத்தைந்தாம்" என்று மற்றொரு வீட்டிற் களிப்பு. பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணைப் போலவே அதனையும் கருதி, மதிப்பெண் இடுந் தொழிலையுடைய எம்மிடமே பொருள் வினவவும் வருகின்றனர். அழ வேண்டாத இடத்தில் அழுகையும், கவலை கொள்ள வேண்டிய இடத்தில் மகிழ்ச்சியும் நிகழக் கண்டோம். வைத்தியஞ் செய்யும் உரிமை எமக்கில்லையெனினும், அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது, எதனைச் சொல்லும், எதனைச் சொல்லமாட்டாது என்பவற்றை மட்டும் கூறப் புகுகின்றோம்.

சொற்களைப் பற்றி ஒன்று முற்கூறல் வேண்டும். எம்.ஆர்.ஐ., சி.டி., எக்கோ என்னும் பெயர்களைத் தமிழாக்கி வழங்குதல் அரிதன்று. அதில் எமக்கு ஆர்வமும் உண்டு. ஆயினும், நள்ளிரவில் தந்தையை வண்டியிலேற்றிச் செல்லும் மகன் மருத்துவமனை வாயிலில் யாம் ஆக்கிய சொல்லைச் சொல்லி நிற்பானாயின் அவனுக்கு வழிகாட்டுவார் யாவர்? ஆதலின் அறிக்கையிற் காணும் பெயர்களையே ஈண்டு ஆள்வோம்.

இருதயத்தைப் பற்றிய அறிவில் அளவை புகுந்த வரலாறு சுவையுடையது. உண்ட உணவிலிருந்து ஈரல் இரத்தத்தை இடைவிடாது ஆக்குகின்றது என்றும், அஃது உறுப்புக்களிற் சென்று செலவழிந்துவிடுகின்றது என்றும் மேனாட்டு வைத்தியர் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர். 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர் ஒரு பெருக்கற் கணக்கினால் அந்நம்பிக்கையைச் சாய்த்தார். இருதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தை வேண்டுமென்றே மிகக் குறைவாக மதித்துக்கொண்டு, அரைமணி நேரத்துத் துடிப்புகளின் தொகையால் அதனைப் பெருக்கினார். வந்த விடை உடலிலுள்ள இரத்தம் முழுவதினும் மிகுந்திருந்தது. அத்துணை இரத்தத்தை எந்த உணவினின்றும் எந்த ஈரலும் ஆக்கித் தர இயலாது. எனவே சென்ற இரத்தமே மீண்டும் வருகின்றது என்று அவர் துணிந்தார். இன்று நாம் அறிந்த அளவுகளை இட்டுப் பார்ப்பின், ஒரு துடிப்பிற்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்திற்கு 75 துடிப்பு; பெருக்கினால் 5,250 மில்லிலிட்டர். வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரத்தமும் ஏறக்குறைய 5 லிட்டரே. நாம் ஒரு சிறு கதையைச் சொல்லி முடிக்கு முன்னர் நம் இரத்தம் முழுதும் இருதயத்தின் வழியே ஒருமுறை சென்று மீண்டுவிடுகின்றது.

இனி அறிக்கையில் உள்ள எண்ணுக்கு வருவோம். எல்.வி.இ.எஃப். என்றோ, எஜெக்ஷன் ஃபிராக்ஷன் என்றோ அங்கே எழுதியிருக்கும். இருதயத்தின் நான்கு அறைகளுள் உடல் முழுதிற்கும் இரத்தம் இறைப்பது இடது கீழறை. அது விரிந்து நிறைந்திருக்கும்போது 140 மில்லிலிட்டர் இரத்தம் கொண்டிருக்கின்றது எனக் கொள்வோம். சுருங்கி முடிந்தபோது 56 மில்லிலிட்டர் எஞ்சி நிற்கின்றது. வெளியேறியது 84. நிறைந்திருந்த 140இல் இந்த 84 நூற்றுக்கு எத்தனை வீதம் எனின், 60. இவ்வளவே அவ்வெண்ணின் பொருள். குடத்தைக் கவிழ்த்தாற்போல முழுவதையும் கொட்டிவிடும் இருதயம் உலகில் இல்லை. நல்ல இருதயத்திலும் ஒரு பங்கு எஞ்சியே நிற்கும். எனவே இங்கு நூற்றுக்கு நூறு என்பதே கிடையாது. எம்.ஆர்.ஐ. அளவையில் ஏறக்குறைய 55 முதல் 75 வரை நோயற்ற இருதயத்திற்கு உரியது. ஐம்பத்தைந்து என்று கேட்டு அழுத வீட்டார் இதனை அறிந்திலர்.

மிகுந்திருப்பின் நன்று என்பதும் பொருந்தாது. தசை அளவுக்கு மீறித் தடித்து, அறை சுருங்கிப்போன இருதயம் ஒன்றை எண்ணுக. அது நிறைந்திருக்கும்போது 80 மில்லிலிட்டரே கொள்ளும். சுருங்கியபின் 20 எஞ்சும். வெளியேறியது 60, வீதமோ 75. முற்கூறிய நல்ல இருதயம் 84 மில்லிலிட்டரை இறைத்து 60 என்னும் எண்ணைப் பெற, இந்நோயுற்ற இருதயம் 60 மில்லிலிட்டரையே இறைத்து 75 என்னும் எண்ணைப் பெறுகின்றது! மறுதலையாக, வீங்கிப் பெருத்த இருதயம் ஒன்று 240 கொண்டு 168ஐ எஞ்சவிட்டு 72 மில்லிலிட்டரை வெளியேற்றும், வீதம் 30. இறைக்கும் அளவு ஏறத்தாழ இயல்பாகவே இருக்க, எண் மட்டும் பாதியாய்விட்டது. தசையின் வலிமை குன்றியதால் அறையைப் பெரிதாக்கிக்கொண்டு உடலின் தேவையை நிறைவேற்ற அவ்விருதயம் படும் பாடு அது. மாணாக்கனின் விடைத்தாளை எம்மனோர் திருத்துவது போன்றதன்று இக்கணக்கு என்பது இதனால் விளங்கும். மேலே உள்ள எண்ணோடு அடியில் உள்ள எண்ணையும், அஃதாவது அறையின் கொள்ளளவையும், சேர்த்தே படித்தல் வேண்டும். அறிக்கையில் இ.டி.வி., இ.எஸ்.வி. எனக் காணப்படுபவை இவையே.

உயிருள்ள மனிதனின் நெஞ்சைத் திறவாமல் இவ்வளவுகளை எடுப்பது யாங்ஙனம் எனின், வழிகள் மூன்று. முதலாவது எக்கோ. காதுக்குக் கேளாத ஒலியை நெஞ்சினுள் அனுப்பி எதிரொலியைக் கொண்டு படம் வரைவது. எளியது, விலை குறைந்தது, படுக்கையருகே கொண்டுவரத் தக்கது. ஆதலின் எங்கும் அதுவே முதற்கருவி. ஆயினும் விலாவெலும்புகளும் நுரையீரலும் ஒலியை மறைக்கும். பெரும்பாலும் இரண்டு கோணத்துப் படங்களைக் கொண்டு, அறையின் வடிவம் இன்னது என ஊகித்துக் கொள்ளளவைக் கணிப்பர். மாரடைப்பினால் ஒரு பக்கம் பிதுங்கி வடிவம் மாறிய இருதயத்தில் அவ்வூகம் வழுவுதலும் உண்டு.

இரண்டாவது எம்.ஆர்.ஐ. இதனை விரிவாகக் கூறல் வேண்டும். நம் உடலிற் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் சிறு பம்பரம் போன்று சுழலும் காந்தம். மருத்துவமனைகளில் உள்ள 1.5 டெஸ்லா யந்திரத்தின் காந்தவன்மை பூமியின் காந்தவன்மையினும் ஏறக்குறைய 30,000 மடங்கு மிக்கது. அதனுட் புகுந்தவர் உடலின் பம்பரங்களிற் சிறிதளவு மிகையானவை ஒரு திசையை நோக்கி நிற்கும். அப்போது வானொலி அலையைச் செலுத்தினால் அவை சாயும்; அலையை நிறுத்தினால் நிமிரும்; நிமிருங்கால் தாமும் மெல்லிய அலையை வெளியிடும். அதனைக் கேட்டு, எவ்விடத்திலிருந்து வந்தது எனப் பகுத்துப் படமாக்குதலே இம்முறை. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் லாட்டர்பர் என்பவர் இத்தகைய படத்தை முதன்முதல் வெளியிட்டார். இங்கிலாந்தில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு விரைவிற் படமெடுக்கும் வழியை வகுத்தார். இருவர்க்கும் 2003ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிர் இதிற் சிறிதும் இல்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அசையாத மூளையைப் படமெடுத்தல் ஒன்று. ஓயாது துடிக்கும் இருதயத்தைப் படமெடுத்தல் வேறொன்று. இலக்கண நூலார் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாக வைத்தனர். அவ்வொரு கண்ணிமைப் பொழுதிற்குள் இருதயம் தன் தொழிலின் ஒரு பெரும்பகுதியைச் செய்துவிடும். ஆயினும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். ஊஞ்சலாடும் குழந்தையை ஓவியன் ஒருவன் வரைவதாக எண்ணுங்கள். ஊஞ்சல் முன்னே வரும்போதெல்லாம் ஒரு தாளிற் சில கோடுகள், நடுவே வரும்போதெல்லாம் மற்றொரு தாளிற் சில கோடுகள் என இழுத்துக்கொண்டே இருப்பானாயின், பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முழுப்படம் அமைந்துவிடும். யந்திரம் செய்வதும் இதுவே. நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. கம்பிகள் துடிப்பின் தொடக்கத்தை அறிவிக்க, ஒரு துடிப்பை 20, 25 நிலைகளாகப் பகுத்து, பல துடிப்புகளிலிருந்து துணுக்குகளைத் திரட்டிப் படங்களைக் கோக்கின்றது. அதனாலேதான் "மூச்சை அடக்குங்கள்" என்று 10, 15 விநாடி நம்மை நிறுத்திவைக்கின்றனர். மூச்சு விடின் ஊஞ்சற் கம்பமே அசைந்தது போலாம். துடிப்பு ஒழுங்கற்றவர்க்குப் படம் தெளியாமைக்கும் இதுவே காரணம். தாறுமாறாகத் தள்ளிய ஊஞ்சலை எவ்வோவியன் வரைவான்?

இவ்வாறு பெற்ற படங்கள் இருதயத்தைச் சுரைக்காய் அரிவது போலக் குறுக்கே அரிந்து காட்டும். அடிமுதல் நுனிவரை பத்துப் பன்னிரண்டு வில்லைகள். ஒரு வில்லைக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் 1 சென்டிமீட்டர் தொலைவு. ஒவ்வொரு வில்லையிலும் இரத்தம் வெண்மையாகவும் தசை கருமையாகவும் தோன்றும். இரண்டிற்கும் நடுவேயுள்ள எல்லையின்மேற் கோடு வரைந்து, உள்ளே அடங்கிய பரப்பைத் தடிப்பாற் பெருக்கி, எல்லா வில்லைகளையும் கூட்டினால் அறையின் கொள்ளளவு கிடைக்கும். வடிவத்தைப் பற்றிய ஊகம் இங்கே வேண்டுவதில்லை. இருதய அறைகளின் கொள்ளளவை அறிதற்கு எம்.ஆர்.ஐ.யை உரைகல்லாக வைத்தியர் கொள்வது இதனாலேயே.

எனினும் அன்பர்களே, கோட்டை வரைவது யார்? சில ஆண்டுகளுக்கு முன்வரை முற்றிலும் மனிதரே வரைந்தனர். இப்போது கணிப்பொறி வரைய, மனிதர் பார்த்துத் திருத்துகின்றனர். வரைவதிலே ஒரு தொல்லை உண்டு. இடது கீழறை சுருங்கும்போது அதன் அடிப்பாகம் நுனியை நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் இறங்கும். எனவே, விரிந்த நிலையிற் கீழறையாக இருந்த முதல் வில்லை, சுருங்கிய நிலையில் மேலறையாக மாறிவிடக்கூடும். யந்திரம் அரியுமிடம் மாறாதது; அரியப்படும் பொருளோ இறங்கிவிட்டது. அவ்வில்லையைக் கீழறையோடு சேர்ப்பதா, தள்ளுவதா? முன்னர்க் கூறிய நல்ல இருதயத்தையே எடுத்துக்கொள்வோம். எஞ்சிய இரத்தம் 56. அதனோடு 14 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு வில்லையைத் தவறாகச் சேர்ப்பின் 70 ஆகும். அப்போது வெளியேறியது 84 அன்று, 70. வீதம் 60 அன்று, 50! இருதயத்தில் ஒன்றும் நிகழவில்லை; ஒரே ஒரு வட்டம் மிகுதியாக வரையப்பட்டது, அவ்வளவே. அறைக்குள் நிற்கும் தசைத்தூண்களை இரத்தத்தோடு கணக்கிடுவதா, தசையோடு கணக்கிடுவதா என்பதிலும் இடத்துக்கிடம் வழக்கம் வேறுபடும். தேர்ந்தவர் இவற்றை நன்கறிந்து ஒரே முறையைக் கையாளுவர். அவ்வாறிருந்தும் இருவர் வரையும் கோடு ஒன்றாவதில்லை. ஒரே கட்டுரையை இரண்டு ஆசிரியர் திருத்தினால் என்ன நிகழும் என்பதை யாம் அறிவோம்.

நம் உறவினர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லுதல் தகும். பெரியவர்க்கு ஓரிடத்தில் எக்கோ எடுத்தனர், எண் 55. பதினைந்து நாள் சென்று வேறோர் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுத்தனர்; எண் 49. மூத்த மகன் எம்மிடம் ஓடிவந்து, "சித்தப்பா, பதினைந்து நாளில் ஆறு போய்விட்டது, இப்படியே போனால் இன்னும் நான்கு மாதந்தானே!" என்று விரலை மடக்கிக் கணக்கிட்டுக் கூறினான். தங்கையின் திருமணப் பேச்சையும் நிறுத்திவிட்டனர். பெரியவரிடம் ஒன்றுஞ் சொல்லாது மறைத்தமையால், வீட்டார் முகத்தைப் பார்த்து அவர் தாமே எதையோ ஊகித்து உண்ணாமல் இருந்தார். இரண்டு அளவுகளும் சரியானவையே. எக்கோவில், அளப்பவர் மாறினாலே ஐந்து முதல் பத்து வரை வேறுபடுதல் இயல்பு. கருவியே மாறின் சொல்லவேண்டுவதில்லை. மரக்காலால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் கழித்துப் பார்த்து, நடுவே எலி தின்றது என்று கூறுவார் உண்டோ? வைத்தியர் இதனையே விளக்கிய பின்னர்தான் அவ்வீட்டில் அடுப்பெரிந்தது. நோயுற்றவரிடம் அவர் நோயை மறைக்கும் நம் வழக்கத்தை யாம் ஒருகாலும் ஒப்புவதில்லை. அறிக்கை அவருடையது, இருதயமும் அவருடையது.

இவ்வேறுபாடு கவலையோடு மட்டும் நிற்பதன்று. பெரும்பொருட் செலவிற்கும் உயிருக்கும் வழியாகுமிடம் ஒன்று உண்டு. துடிப்புத் திடீரெனத் தாறுமாறாகி உயிர் பிரியும் இடுக்கண் மிக்கவர்க்கு, உள்ளே வைத்து மின்னதிர்ச்சியால் துடிப்பை மீட்கும் கருவி ஒன்றைப் பொருத்துகின்றனர். ஐ.சி.டி. என்பது அதன் பெயர். விலை சில இலட்சம் ரூபாய். யார்க்குப் பொருத்துவது என்பதற்கு வைத்திய சபைகள் இட்ட வரம்புகளுள் முதன்மையானது, அவ்வெண் 35 அல்லது அதனிற் குறைவு என்பதே. 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அவ்வரம்பிற்கு அடிப்படையாயின. ஒருவர்க்கு எக்கோவில் 34ம் எம்.ஆர்.ஐ.யில் 39ம் வருமாயின் அவர் வரம்பிற்கு உள்ளா, புறமா? இத்தகையவரிடத்து ஓர் எண்ணைக் கண்டவுடன் முடிவு செய்யாமல், மீண்டும் திருத்தமாக அளத்தல் வேண்டும் எனக் கேட்கக் குடும்பத்தார்க்கு உரிமை உண்டு. மற்றொன்று, மாரடைப்பு வந்த சில நாளில் எடுத்த எண்ணைக் கொண்டு பெரும்பாலும் இதனை முடிவு செய்வதில்லை. மாரடைப்பிற்குப் பின் 40 நாளாவது கழிய வேண்டும். தக்க மருந்துகளை ஏறக்குறைய மூன்று திங்கள் உண்ட பின் மீண்டும் அளக்கவேண்டும். மருந்தினாலேயே 30 என்பது 42 ஆக ஏறக்கூடும். பயந்து நிலத்தை விற்கப் புறப்படுவோரும், "எண் குறைந்துவிட்டது, இனி மருந்து எதற்கு?" எனக் கைவிடுவோரும் ஆகிய இருசாராரும் இதனைக் கேட்டல் நன்று.

மூன்றாவது வழி சி.டி. இதனைச் சுருங்கச் சொல்லிவிடலாம். காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலார் அமைத்த இக்கருவியால் 1971ஆம் ஆண்டில் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தனர். 1979ஆம் ஆண்டில் ஆலன் கார்மாக் என்பவரோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். எக்ஸ் கதிர்க்குழாய் நம்மைச் சுற்றி வந்து பல பக்கத்திலிருந்தும் படமெடுக்க, கணிப்பொறி அவற்றைச் சேர்த்து உள்ளுறுப்பை வரையும். அந்நாளில் ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் ஆயின. இந்நாளிற் குழாய் ஒருமுறை சுற்றுதற்குக் கால் விநாடியளவே ஆகின்றது. அவ்வேகமும் துடிக்கும் இருதயத்திற்குப் போதாமையின், மாத்திரை கொடுத்துத் துடிப்பைத் தணித்தே பெரும்பாலும் எடுப்பர். இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் நாளங்களின் அடைப்பைக் காட்டுவதில் சி.டி. வல்லது. அவ்வெண்ணையும் அதனால் அளக்கலாமெனினும், துடிப்பின் எல்லா நிலைகளையும் படமெடுக்க எக்ஸ் கதிர் மிகுதியாகப் பாயும். அயோடின் கலந்த மருந்தையும் ஊசி வழியே ஏற்றவேண்டும். ஆதலின் அவ்வெண் ஒன்றையே அறிய வேண்டுவார் சி.டி.யை முதலில் நாடுவதில்லை. எம்.ஆர்.ஐ.யினுட் புக இயலாதவர்க்கு அது துணையாகும்.

இனி அவ்வெண் வாய்திறவாத இடங்களைக் கூறுவோம். மூச்சிரைப்பும் கால்வீக்கமும் கொண்டு இருதயம் தளர்ந்தவர் எனப்படுவோருள் ஏறக்குறைய பாதியினர்க்கு அவ்வெண் 50க்குக் குறைவதில்லை. அவர்களுடைய இருதயம் சுருங்குவதில் வல்லது. இளகி விரிந்து நிறைவதிற் குறையுடையது. "எண் நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, மாடிப்படி ஏறாமலிருக்கச் சாக்குச் சொல்கிறார்" எனப் பேசும் மருமக்கள் இதனைக் குறித்துக்கொள்வாராக.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு சரிவர மூடாதவர் நிலை வேறு. அவருடைய கீழறை 200 கொண்டு 80ஐ எஞ்சவிடுகின்றது எனின், வெளியேறியது 120, வீதம் 60. பார்வைக்கு மிக நன்று. ஆனால் அந்த 120இல் 50 மில்லிலிட்டர் ஓட்டை வால்வின் வழியே பின்னோக்கி மேலறைக்குச் செல்ல, உடலுக்குக் கிடைப்பது 70 மட்டுமே. எண் இதனை அறியாது. எம்.ஆர்.ஐ.யோ பெருந்தமனியில் ஓடும் இரத்தத்தின் அளவையும் வேகத்தையும் தனியே அளக்கவல்லது. அறை வெளியேற்றியது 120, தமனியில் ஓடியது 70 என இரண்டையும் வைத்துக் கழித்தால் திருட்டு வெளிப்பட்டுவிடும். கடையில் விற்ற சரக்கையும் பெட்டியில் விழுந்த காசையும் ஒத்துப் பார்க்கும் வணிகர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை.

யாம் மிகவும் வியந்தது தலசீமியா நோயாளரைப் பற்றிய செய்தி. இப்பிறவி நோயுடைய குழந்தைகட்கு வாழ்நாள் முழுதும் பிறர் இரத்தத்தை ஏற்றவேண்டும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு உடலில் தங்கி, இருதயத் தசையிலும் படியும். நெடுங்காலம் அவ்வெண் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது குறையத் தொடங்கும்போது காலங் கடந்திருக்கும். இரும்பு காந்தத்தோடு உறவுடையது ஆகையால், அது படிந்த தசையிலிருந்து வரும் வானொலி அலை விரைந்து அவிந்துபோகும். அஃது அவியும் காலத்தை அளந்தே படிந்த இரும்பை மதிக்கும் முறையை இலண்டனில் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையினர் வகுத்து, 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டி2 ஸ்டார் என்பது அதன் பெயர். 20 மில்லிசெகண்டிற்குக் குறையின் இரும்பு படிந்துள்ளது. 10க்குக் குறையின் இடுக்கண் மிகப் பெரிது. அதனைப் பார்த்து, இரும்பை நீக்கும் மருந்தை வேளையோடு மிகுத்துக் கொடுத்தமையால் பிரிட்டனில் இந்நோயாளரின் இறப்புப் பெரிதும் குறைந்தது. பெற்றோர் இருவரும் நோயின் கூற்றை மறைவாகத் தாங்கியவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு குழந்தைக்கு இந்நோய் வரக்கூடும். தாங்குவோர் தாம் நலமாகவே இருப்பர். உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம்மனோர்க்கு இவ்வாய்ப்பு மிகுதி. பத்துப் பொருத்தம் பார்க்கும் வேளையில் ஒரு துளி இரத்தத்தையும் பார்த்துவிடுதல் எளிது. சங்கத்தின் திருமணத் தகவற் குழுவினர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எண் குறைந்த இருதயத்திலும், தசை இறந்துபோயிற்றா, இரத்தம் போதாமையால் மயங்கிக் கிடக்கின்றதா என்பது தனி வினா. கடோலினியம் என்னும் மருந்தை ஊசியால் ஏற்றிச் சில நிமிடங் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், வடுப்பட்ட தசையில் அது தங்கி வெண்மையாகத் தோன்றும். வடு தசைத் தடிப்பின் பாதியினும் குறைந்திருப்பின் அவ்விடம் தேறக்கூடும் என்று 2000ஆம் ஆண்டு முதல் வைத்தியர் மதிப்பிட்டு வருகின்றனர். அதனைக் கொண்டு யார்க்கு அறுவை செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடைபெறுதலின், யாம் அதனுட் புகவில்லை. சிறுநீரகம் மிகப் பழுதுற்றோர் அம்மருந்தை ஏற்றிக்கொள்ளு முன் அதனைத் தெரிவித்தல் வேண்டும்.

முடிவாக, யந்திரத்தின் முன்னர்ச் செய்ய வேண்டுவன. அக்காந்தம் இரவும் பகலும் உயிரோடு இருப்பது. படமெடுக்காத வேளையிலும் அணைந்திருப்பதன்று. 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு சென்ற உறவினர் ஒருவர், பிராணவாயு உருளையைக் கையிற் கொண்டு அவ்வறைக்குட் புகுந்தார். காந்தம் உருளையோடு அவரையும் இழுக்க, உயிரிழந்தார். நோயாளிக்குச் சொல்லும் எச்சரிக்கை துணைவருவார்க்கும் உரியது. கைபேசி, சாவி, கைக்கடிகாரம், தலையிற் செருகிய ஊசி யாவற்றையும் புறத்தே வைக்க. தாய்மார்கள் தாலியைக் கழற்ற மனம் வருந்துகின்றனர். பொன்னைக் காந்தம் இழுப்பதில்லை என்பது மெய்யே. ஆயின் தாலிக்கொடியிற் கோத்திருக்கும் ஊக்குகளோ இரும்பு. மஞ்சள் தோய்த்த நூற்கயிற்றை அதுவரை அணிந்துகொள்ளுதலைப் பல குடும்பங்களில் வழக்கமாக்கியிருப்பது நன்று. இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அதனோடு தந்த அட்டையைத் தவறாது காட்டுக. புதியவற்றுட் பல எம்.ஆர்.ஐ.க்கு இசைந்தவை, பழையன பல இசையாதவை. ஸ்டென்ட் வைத்திருப்பவரும் கூறுக, பெரும்பாலும் தடையிராது. உள்ளே ஒலி பெரிதாக இருக்கும், இடம் குறுகியது, முக்கால் மணியளவு கிடக்க நேரும். அச்சமுடையார் முன்னரே சொல்லிவிடின் அதற்கும் வழி செய்வர்.

படமெடுத்து மீளும்போது அறிக்கைத் தாளை மட்டும் வாங்கி வருதல் போதாது. படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை, கூடுமானவரை அதே இடத்தில், அதே வகைக் கருவியால் அளக்கச் செய்து, பழைய தட்டையும் உடன் கொடுப்பின், பார்ப்பவர் ஒருவரே இரண்டு படங்களிலும் கோடு வரைந்து ஒப்பிடுவர். தட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெடுவனவாதலின் படி எடுத்து வைத்தல் வேண்டும். நம் சங்க வாசகசாலையிற் கணிப்பொறி உளது. கல்லூரியிற் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் ஞாயிறுதோறும் காலையில் அங்கே இருக்கின்றனர். வேண்டுவோர் தட்டினைக் கொண்டுவந்தால் அவர்கள் எதிரிலேயே படி எடுத்துக் கொடுப்பர்.